பெருமாள் அண்ணன் வீட்டுக் கூரையைக் கழற்றினேன்

நல்லது செய்யக் கிளம்பும் மனிதர்களைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பயம். நானும் ஒருமுறை அப்படிக் கிளம்பியவன்தான்.

அப்போது கொழும்பில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. நண்பன் ரிஸ்வான் பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கையும் கேஸ் அடுப்பும் பொருத்தி, கேம்பர் வேனாக்கி வைத்திருந்தான். அதிலேயே தங்கிக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் இடிந்த லயங்களைத் திருத்திக் கொடுக்க ஒரு குழுவும் சேர்த்தான்.

"ஒனக்கு என்ன வேல தெரியும்?" என்று என்னிடம் கேட்டான்.

"கூரை வேலை" என்றேன். (அப்பா டிவி அன்டெனா கட்டியபோது கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.)

குழுவில் உண்மையாகவே வேலை தெரிந்தவர் சுனில் பாஸ் மட்டும்தான். ஹட்டனைச் சேர்ந்த சிங்களத் தச்சர். பேச்சு குறைவு, என்னிடம் இன்னும் குறைவு.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் சரஸ்வதி அக்காவின் லயத்துக் காம்பராதான் எங்கள் மூன்றாவது வீடு. அக்கா கொழுந்து எடுப்பவர். கணவர் பெருமாள் அண்ணனுக்கு நெஞ்சில் இழுப்பு. பெரும்பாலும் கட்டிலில்தான் இருப்பார். மகள் கோகிலாவுக்கு இன்னும் மூன்று வாரத்தில் உயர்தரப் பரீட்சை. கூரைத் தகரத்தில் துரு தின்ற ஓட்டைகள் வழியே பகலில் நட்சத்திரம் பார்க்கலாம்.

திட்டம் எளிது. காலையில் ஹட்டனிலிருந்து புதுத் தகரம் லொறியில் வரும், கூடவே சுனில் பாஸும் வருவார். வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்துவிட்டு, பழையதில் ஒன்றைக் கழற்றிப் புதியதில் ஒன்றைப் போட வேண்டும். "லொறி வர்ற வரைக்கும் எதையும் தொடாத" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கீழே பாதையோரம் நிறுத்தியிருந்த கேம்பரை மேலே கொண்டுவர ரிஸ்வான் போனான்.

வானம் நீலமாக இருந்தது. என் கையில் கடப்பாரை இருந்தது. இரண்டும் சேர்ந்து என் புத்தியைக் கெடுத்துவிட்டன.

வேலைக்குக் கிளம்பிய சரஸ்வதி அக்கா மேலே பார்த்தார். "தம்பி, தகரம் வந்த பெறகு கழட்டினா போதாதுங்களா?"

"அக்கா, நீங்க பயப்படாமப் போய்க் கொழுந்து எடுங்க. வரும்போது புதுக் கூரை இருக்கும்."

பதினொரு மணிக்குள் கடைசித் தகரத்தையும் கழற்றிவிட்டேன். கழற்றிய ஒவ்வொன்றையும் வீரமாகக் கீழே வீசினேன். துருப்பிடித்த தகரம், விழுந்ததும் அப்பளமாக நொறுங்கியது. கீழே கட்டிலில் படுத்திருந்த பெருமாள் அண்ணன் வானத்தைப் பார்த்து, "நல்லா வெளிச்சமா இருக்குங்க தம்பி" என்றார். இன்றுவரை நான் கேட்ட மிகப் பெரிய மரியாதை அதுதான்.

கூரை மேலிருந்து பாதை நன்றாகத் தெரிந்தது. கீழ் வளைவில் எங்கள் கேம்பர் ஒரு சக்கரம் பாதையோர வடிகால் கானுக்குள் இறங்கி, பாதையை அடைத்துக்கொண்டு சாய்ந்து நின்றது. அதன் பின்னால், நகர வழியில்லாமல், ஒரு லொறி. லொறியின் மேல் பளபளவென்று புதுத் தகரம். லொறியின் மேலிருந்து சுனில் பாஸ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை தூரத்திலும் அந்தப் பார்வை புரிந்தது.

பிறகு மலைக்குப் பின்னாலிருந்து மேகம் வந்தது. இறங்கி ஓடினேன். சாமான் எதையும் வெளியே எடுத்து வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அரிசி, துணி, மெத்தை, டிவி என்று எல்லாம் மழைக்குள். அலுமாரி மேல் ஒரு அட்டைப்பெட்டி. அதில் கோகிலாவின் இரண்டு வருடக் குறிப்புகள். அதை எட்டி இழுத்தேன். நனைந்த பெட்டியின் அடி கழன்று, கொப்பிகள் தரையில் ஓடிய தண்ணீரில் விழுந்தன.

பெருமாள் அண்ணனுக்கு இழுப்பு தொடங்கியது. வாசலில் தண்ணீர்த் தொட்டியை மூடியிருந்த பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து, கட்டில் மேல் ஏறி நின்று, அவர் தலைக்கு மேல் இரண்டு கையாலும் பிடித்தேன். கூரையைக் கழற்றியவன் கூரையாக நின்றேன். அதுவும் ஒழுகியது.

லயத்து ஆட்கள் ஓடிவந்தார்கள். சில ஆண்கள் பெருமாள் அண்ணனைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, வளைவுக்குக் கீழே நின்ற ஆட்டோவுக்கு இறங்கினார்கள். மற்றவர்கள் லொறியிலிருந்து தகரத்தைத் தலையில் சுமந்து மழையோடு ஏறி வந்தார்கள். அண்ணனுக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஒக்சிஜன் வைத்தார்கள் என்று பிறகு செய்தி வந்தது.

சரஸ்வதி அக்கா மலையிலிருந்து ஓடி வந்தார். முதுகில் கூடை அப்படியே இருந்தது. வாசலில் நின்று, வானத்தைப் பார்த்தார், வெற்றுக் கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்கு இறங்கிப் போனார்.

மாலைக்குள் சுனில் பாஸும் லயத்து ஆட்களும் கூரையைப் போட்டு முடித்தார்கள். கடைசி ஆணியை அடித்துவிட்டு இறங்கியவர், தனக்குத் தெரிந்த தமிழில், "மாத்தயா, இனி கூரை வாணாம். பெயின்ட் அடிங்க" என்றார். உயரமான சுவர்களுக்குப் பெயின்ட் அடிக்கவும் அதன் பிறகு என்னை விடவில்லை.

பெருமாள் அண்ணன் ஆறு நாள் கழித்து வீடு வந்தார், முன்பைவிட மெலிந்து. குழு அடுத்த தோட்டத்துக்குக் கிளம்பியபோது நான் கூடப் போகவில்லை. விடுமுறையை நீட்டி நோர்வூட்டில் அறை எடுத்துத் தங்கி, கோகிலாவின் தோழியிடம் கொப்பிகளை வாங்கி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். (அவள் பொறுமையாகச் சொன்னாள்: "அண்ணே, ஒங்க எழுத்து வெளங்கல.") அந்த வருடம் ஒரு பாடத்தில் அவள் தவறினாள். என்னால்தான் என்று அவளும் சொல்லவில்லை, அவள் அம்மாவும் சொல்லவில்லை. அடுத்த வருடம் தேறி, இப்போது ஆசிரியை. அந்த ஒரு வருடம் மட்டும் இன்னும் எனக்குள் கிடக்கிறது.

இப்போது அந்தப் பக்கம் பெருமழை பிடித்தால் என் தொலைபேசி அடிக்கும். பெருமாள் அண்ணன்தான். என் மனைவியும் பிள்ளைகளும் ஓடிவந்து, ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள்.

"தம்பி, இங்க நல்ல மழைங்க."

"கூரை எப்படிண்ணே?"

"கூரை இருக்குங்க. நீங்க வந்துராதீங்க."

வீடே சிரிக்கும். அந்தப் பக்கம் அவரும் சிரிப்பார். சிரிப்பு இருமலாக மாறும். அது நிற்கும் வரை நான் தொலைபேசியை வைப்பதில்லை.