எங்கை போறியள் என்று கேட்ட பிள்ளை

நயினாதீவு,
புரட்டாதிச் சனி.

என் அன்பு மகன் சுஜிதனுக்கு, அப்பா வல்லிபுரம் சொல்லச் சொல்லப் பக்கத்து வளவுச் சறோஜினிதேவி எழுதிக்கொள்வது. அம்மாளின் கிருபையால் நானும் உன் அக்கா அம்பிகையும் அவளுடைய ஆடுகளும் சுகம். கனடாவில் நீயும் மருமகள் இந்துஜாவும் பேத்தி சிவானியும் சுகமாயிருக்க வேண்டுமென்று கோயில் வீதியில் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் வந்து இருந்திருக்கிறேன். கும்பிட்டாயிற்று, இனிச் சண்டை. போனில் பிடித்திருக்கலாம். ஆனால் நான் குரலை உயர்த்தினால் நீ உடனே "அப்பா, லைன் வெட்டுப்படுது" என்கிறாய். கடிதம் வெட்டுப்படாது.

நீயும் அக்காவும் போனைச் சத்தமாய் விட்டுக்கொண்டு கதைத்தது முழுவதும் எனக்குக் கேட்டது. மங்கினது கண்தான், காது இல்லை. "அப்பா விடியக் கருக்கலோடை கடலடிக்குப் போறார், வாயே திறக்கிறாரில்லை, ஏதும் செய்துபோடுவாரோ எண்டு நெஞ்சு பதைக்குது" என்று அவள் அழ, "பட்டினத்திலை கதைச்சு மனவருத்தம் மாத்துற பிள்ளை ஒண்டு இருக்காம், கொண்டுபோய்க் காட்டு. அவவும் சரியில்லை எண்டால் முதியோர் இல்லத்திலை விடுவம்" என்று நீ சொன்னாய். ஒரு கிழட்டு மாட்டை விற்பதென்றாலும் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களடா! என்னிடம் ஒரு சொல் கேட்டாயா?

சரியென்று படகேறி, குறிகட்டுவானில் பஸ் ஏறி, இடுப்பு முறியப் பட்டினம் போனோம். அந்தப் பிள்ளைக்குப் பவதாரணி என்று பெயர். தங்கமான முகம், வாயைத் திறந்தால் கேள்வி. நானும் மரியாதைக்கு, "எல்லாரும் எனக்கு விசர் எண்டினம் பிள்ளை" என்று தொடங்கினேன். இப்படி ஒரு சொல் விட்டால் கேட்கிறவர் "ச்சா, ஆர் அப்பிடிச் சொன்னது" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கொண்டுவருவதுதான் முறை. அந்தப் பிள்ளையோ உண்மையாகவே கேட்டது.

"எல்லாரும் எண்டால் ஆர் ஆர் ஐயா?"

"ஊர்."

"ஊரிலை ஆர்?"

யோசித்துப் பார்த்தால் அம்பிகையும் நீயும். தேத்தண்ணிக் கடைச் சிவதர்சனும் சொன்னவன்தான், ஆனால் அது முந்நூற்றிநாலு சீட்டு விளையாடும்போது நான் துரும்பைப் பிழையாய் இறக்கியதற்கு. அவனைக் கழித்தால் ஊர் முழுவதும் என் வீட்டுக்குள்ளேயே முடிந்துபோயிற்று. எனக்கு வந்த வெட்கம்!

பிறகுதான் அந்தப் பொல்லாத கேள்வி. "விடிய வெளிக்கிட்டு எங்கை போறனீங்கள்?"

சறோஜினிதேவிக்கே பேனை நின்றுவிட்டது. வெளிக்கிடுகிற மனிசரிடம் எங்கே என்று கேட்பது அபசகுனம், "தூரமோ" என்று கேட்டுவிட்டு நிறுத்த வேண்டும் என்று இங்கே கன்றுக்குட்டிக்கும் தெரியும். என் சித்தப்பா ஒருமுறை பனங்கிழங்குச் சாக்கோடு பாய்வள்ளத்தில் கால் வைக்க, கரையில் நின்ற எமிலியானுஸ் "எங்கை போறாய்?" என்று கேட்டான். அறுபத்துமூன்று மாசி, சோளகக் காற்று தொடங்காத காலம், காற்று என்ற பேச்சே இல்லை. பாய்மரம் முறிந்தது. சித்தப்பா கரை சேர்ந்தார், வேட்டி சேரவில்லை. எமிலியானுஸ் சாகும்வரை சித்தப்பா அவனோடு முகம் கொடுத்துக் கதைத்ததில்லை.

ஆகவே நான் தோஷம் கழிய இருந்து, ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் அடுத்த சொல் பேசினேன். அது திரும்பவும் எங்கே என்றது, நான் திரும்பவும் தண்ணீர் கேட்டேன். கடைசியில் வயிறு குடம்போல் ஊதி, அந்தக் கட்டடத்தில் ஒதுங்குமிடம் எங்கே என்று நானே ஒருவரிடம் கேட்கவேண்டி வந்தது.

திரும்பி வந்து இருக்க, "உங்கடை மகள் உங்களை எங்கை போறியள் எண்டு கேக்கிறேல்லையோ?" என்றது.

"அவளை நான் வளர்த்தனான் பிள்ளை. தூரமோ எண்டுதான் கேப்பாள்."

"நீங்கள் என்ன சொல்லுவியள்?"

"உதிலைதான், கிட்டத்தான் எண்டுவன்."

"பிறகு?"

"பிறகென்ன, அவள் பயப்பிடுவாள், நான் நடப்பன்."

பக்கத்தில் இருந்த அம்பிகை, "என்ரை அம்மாளாச்சி! முறை பாத்து முறை பாத்து நானெல்லோ நித்திரையில்லாமல் செத்தனான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தது.

"படகடிக்குப் போறனான். முதல் படகு பாக்க" என்றேன், விட்டுத்தொலையட்டும் என்று.

"படகிலை என்ன?"

"படகிலை சனம் வரும்."

"சனத்திலை ஆர்?"

"மகன்."

"எப்ப வாறன் எண்டவர்?"

"கெதியிலை."

"கெதியிலை எண்டால் எப்ப ஐயா?"

"கெதியிலை எண்டால் கெதியிலை! வாறவனைப் பிடிச்சு எப்ப எண்டு கேக்கிறதோ? வராதை எண்டு சொன்ன மாதிரி."

"சரி. கெதியிலை எண்டு அவர் சொன்னது எப்ப?"

எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் ஒன்றும் மறக்காது. போன வருசத்துக்கு முதல் வருசம் தைப்பொங்கல். பானை பொங்கிச் சரிந்த நேரம் நீ எடுத்தாய். பின்னால் சிவானி இருமினாள். "கெதியிலை வாறன் அப்பா" என்றாய். இவ்வளவையும் சொல்லிக்கொண்டு வந்தவன் பாதியில் விரல் மடித்து மாதத்தை எண்ணத் தொடங்கினேன், இரண்டு கை விரலும் போதவில்லை. அம்பிகை மூக்கைச் சீறினாள்.

இப்போது பார், அதன் பிறகு எனக்குப் படகடியில் நின்றால் முந்திய சந்தோஷம் இல்லை. முந்தி இறங்குகிற தலையெல்லாம் உன் தலைபோலக் கிடக்கும். இப்போது இறங்குகிறது அவரவர் தலைதான். வீட்டிலும் நிம்மதி போய்விட்டது. அம்பிகை முறையைக் காற்றில் விட்டு, "எங்கை போறியள், எப்ப வருவியள், சாப்பிட்டியளோ" என்று நிற்கவிட்டுக் கேட்கிறாள். சறோஜினிதேவியும் எழுதுவதை விட்டுவிட்டு, "அண்ணை, ‘அவள்’ எண்டால் ஆர், மகளோ அந்தப் பிள்ளையோ?" என்கிறா. ஆகவே முடிவாய்ச் சொல்கிறேன்: எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, முதியோர் இல்லப் பேச்சை இதோடு விடு, கேள்வி கேட்கிற அந்தப் பிள்ளையிடம் என்னை இனி அனுப்பாதே.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடியின்றி, குளிரில் விறைக்காமல், அம்மாளின் காவலில் நீடூழி வாழ வேண்டும். சிவானிக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
அப்பா வல்லிபுரம்
(பெருவிரல் அடையாளம்)

பி.கு.: சறோஜினிதேவி வாசித்துக் காட்டினா. அந்தப் பிள்ளையிடம் அனுப்பாதே என்ற சங்கதியை வெட்டச் சொன்னேன், தாள் அழுக்காகும் என்கிறா. கிடக்கட்டும். ஐப்பசியில் அந்தப் பிள்ளை வரச்சொல்லியிருக்கிறது, நான் போவேன். இருமல் எண்டால் பாணி மருந்து குடுப்பினம், இதுக்குக் கேள்விதான் மருந்து போலை. அதுக்கு முதல் நீ எனக்கு மறுமொழி சொல்லு. கெதியிலை எண்டால் எந்த மாசம்? என்ன திகதி? தனியவோ, குடும்பமாயோ? முதல் படகோ, பின்னேரப் படகோ? ஏலாது எண்டால் ஏலாது எண்டு வாய்திறந்து சொல்லு மகன். நான் விடிய நித்திரை கொள்ளுவன்.