ராக்கம்மாவின் வெறுங்கை

"அவ கையில என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்னா கேக்குறீங்க, றிஸ்வி நானா? பத்து ஆட்டத்துல பத்துலயும் பந்தயத்த ஏத்துறா. பத்து தடவையும் நல்ல சீட்டு வருமா? ஏழு தடவை ஒண்ணும் சேராத வெறுங்கை, ரெண்டு சோடி, ஒண்ணே ஒண்ணுதான் உருப்படி. கொப்பியில எழுதியே வச்சிருக்கேன்."

ராக்கம்மா அடுப்படியில இருந்ததால செல்லச்சாமி மெதுவாத்தான் சொன்னாரு. பக்கத்து வீட்டு றிஸ்விதான் ரெண்டு வாரத்துக்கு முந்தி இந்தப் புருஷன் பொண்டாட்டிக்குப் போக்கர் சீட்டாட்டம் சொல்லிக் குடுத்தவரு. இப்ப அவரு ஓரமா கதிரையில உக்காந்திருந்தாரு; ஆட்டம் பாயில. எப்பவும் பந்தயம் அவிச்ச கடலை. அதுல பாதிய ராக்கம்மா ஆடும்போதே தின்னுருவா.

இன்னைக்குப் பந்தயம் வேற. மலை மேல ஹுன்னஸ்கிரியவுல அவ அண்ணன் வீட்டுக் கோயில் திருவிழா. மூணு நாளைக்கு ஒரு ஆள் போயே ஆகணும். செல்லச்சாமி போனா அன்னதானத்துக்கு வெட்டச் சொல்லி மச்சான் பூசணிக்காயையும் கத்தியையும் கையில குடுத்துருவாரு. வீட்டுல இருந்தா டிவியில கிரிக்கெட். தோத்த ஆள் போகணும்னு பேச்சு.

"அந்த மலை பஸ்ஸ நெனச்சாலே எனக்கு வாந்தி வருது"ன்னு பொலம்பிக்கிட்டே ராக்கம்மா வந்து உக்காந்தா.

ஆளுக்கு அஞ்சு சீட்டு. வேணாததைப் போட்டுட்டுப் புதுசு எடுக்கலாம். செல்லச்சாமிக்கு ரெண்டு பத்து, ஒரு சோடி. மிச்சம் மூணையும் மாத்துனாரு. அவளும் மூணைக் கவுத்து வச்சிட்டு மூணு எடுத்தா.

"மூணு நாளு பத்தாது. அஞ்சு"ன்னு பந்தயத்த ஏத்துனா.

"அஞ்சா?"

"ஏழு. பயமா இருந்தா சீட்டப் போட்டுட்டு நீங்க ஊருக்குக் கெளம்புங்க."

செல்லச்சாமிக்குச் சிரிப்பு வந்துருச்சு. நல்ல சீட்டு உள்ளவ இவ்வளவு சத்தம் போட மாட்டா. "ஏழுக்கு ஏழு. காட்டு."

காட்டுனா. ரெண்டு, நாலு, ஆறு, ஒன்பது, ஜாக். சுத்தமான வெறுங்கை.

"தோத்துட்டேன், வேற என்ன செய்ய"ன்னு எந்திரிச்சவ, அலுமாரிக்குப் பின்னால இருந்து பேக்க இழுத்தா. நேத்தே கட்டுன பேக்.

"பிள்ளைக மூணும் உன்கூட வரலையா?"

"தோத்த ஆள் மட்டுந்தானே போகணும்?"

"வாந்தி வருமே?"

"முன்னுக்கு உக்காந்தா வராது."

அவ படி எறங்கிப் போனா. றிஸ்வி சீட்டப் பொறுக்கும்போது, அவ கவுத்து வச்ச மூணையும் திருப்பிப் பாத்தாரு. மூணும் ராணி; பத்துச் சோடிய வெல்லுற சீட்டு.

"தம்பி, இதை நான் சொல்லிக் குடுக்கல்ல."

செல்லச்சாமி அந்த ராணிகளையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பின்னால கக்கூஸ்ல இருந்து கடைக்குட்டி கூப்பிட்டா.

"அப்பா, முடிஞ்சிருச்சு. கழுவி விடுங்க. இன்னையில இருந்து நீங்கதான்னு அம்மா காலையிலயே சொன்னாங்க."

செல்லச்சாமி வாளியத் தூக்கிக்கிட்டுப் போனாரு.