நானே செய்த மெடிசின் பால்

தோளில் பலமிருக்கிறது என்று நிரூபிப்பதற்காகப் பெண்ணைப் பெற்றவரின் கால்விரலை உடைத்த மாப்பிள்ளை, எனக்குத் தெரிந்து கோவை ஜில்லாவில் நான் ஒருவன்தான். (போட்டிக்கு இதுவரை யாரும் வரவில்லை.)

தொண்ணூறுகளின் நடுவில் காந்திபுரத்தில் மொபெட்டோடு விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டேன். கட்டுப் பிரித்ததும், பிசியோதெரபி செய்தவர் 'மெடிசின் பால்' என்கிற இரண்டு கிலோ கனப்பந்து ஒன்று வாங்கி, இரு கைகளாலும் சுவரில் எறிந்து பிடித்துப் பழகச் சொன்னார். வாங்குவதா? இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை பார்க்கும் கோயமுத்தூர்க்காரன், தானே செய்யக்கூடிய பொருளைக் கடையில் வாங்கினால் மரியாதை என்னாவது? பழைய வாலிபாலைக் கிழித்து, வார்ப்புகளைச் சுத்தம் செய்யும் இரும்புக் குருணையைப் பஞ்சோடு திணித்து, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினேன். எடை போட்டால் நாலு கிலோ. குருணை சும்மா கிடைத்ததால் கை நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உடுமலைப்பேட்டைத் தேங்காய் வியாபாரி ஒருவர், தம் மகளுக்காக என்னைப் பார்க்க வந்தார். பெண்ணை எனக்கு முன்பே பிடித்துப்போயிருந்தது. ஆனால் பையனுக்கு ஒரு கை விளங்காது என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். மனிதர் காபியைக்கூடத் தொடவில்லை. கையை நாலு தரம் ஆட்டிக் காட்டியிருந்தால் போதும். நான் பந்தை எடுத்துவந்து வாசலில் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

அவர் முகம் மலர்ந்தது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றார்.

"இப்படிப் போடுங்க தம்பி. நானும் உடுமலை வாலிபால் டீமுல ஆடுனவந்தானுங்க."

கனமுங்க என்றேன், எனக்கு மட்டும் கேட்கும்படி. பெண்ணைப் பெற்றவர் ஆசையாகக் கேட்டதை முடியாது என்று சொல்ல எங்கள் பக்கம் நாக்கு எழாது. தவிர, போடாவிட்டால் கை விளங்காதது உறுதியாகிவிடும். போட்டேன். அவர் விரல்களை விரித்து, வலைக்கு மேலே தட்டிவிடும் பாவனையில் காத்திருந்தார். பந்து அந்தப் பாவனையைப் பொருட்படுத்தாமல் இறங்கி, அவர் கால் பெருவிரலில் உட்கார்ந்தது. துள்ளவில்லை. வலியைவிட, அதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை.

இரு கைகளாலும் அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியது நான்தான். அதை அவர் கவனித்திருக்க வேண்டும். மாவுக்கட்டோடு ஊருக்குப் போய்ச் சம்மதம் சொல்லி அனுப்பினார்.

கல்யாணத்தன்று காலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கெல்லாம், நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரே பதில் சொன்னார். என் மனைவி இன்றும் விருந்தாளிகளிடம் அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள்:

"கையைப் பத்தி நல்லா விசாரிச்சுப்போட்டனுங்க. தலையை விசாரிக்காம உட்டுப்போட்டனுங்க."