ரெண்டு கிராமும் என் வயிற்றெரிச்சலும்

தன் கல்யாண மாலையைத் தராசில் வைத்துப் பார்த்த மாப்பிள்ளை தமிழ்நாட்டிலேயே ஒருவன்தான். அவன் எனக்குப் பக்கத்து லேத்தில் நின்றவன். பெண்ணின் மாலை நாற்பது கிராம் கூடுதல் என்று முகூர்த்த நேரத்தில் கண்டுபிடித்து, ரோஜாவை ஒவ்வொன்றாகக் கிள்ளி இரண்டையும் சமமாக்கிய பிறகுதான் கழுத்தை நீட்டினான். பெண் வீட்டார் முறைத்தார்கள். பெண் மட்டும் சிரித்தாள். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. என் கல்யாணத்தில் என்னைப் பார்த்து யாருமே சிரிக்கவில்லை.

கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் இடத்தில், நாங்கள் இருவரும் கூட்டாக லேத் பட்டறை நடத்தினோம். எதைக் கையில் கொடுத்தாலும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கிராம் தூக்குதுங்ணா" என்பான். பெயரே அதுவாகிவிட்டது. வலது பையில் சாவிக்கொத்து இருந்தால், இடது பையில் அதே எடைக்கு நட்டுகளைப் போட்டுக்கொண்டு நடப்பான். என்னைவிட நான்கு வயது சின்னவன். அது வேறு எனக்குக் கூடுதல் எரிச்சல்.

எங்களிடம் பழைய கார்களை வேகத்துக்காக மாற்றிக் கட்டுகிறவர்கள் வருவார்கள். அவர்களுக்கு ஃப்ளைவீல் எடை குறைய வேண்டும். ஃப்ளைவீல் என்பது இன்ஜினுக்குப் பின்னால் சுற்றும் கனத்த சக்கரம். இளைத்தால், மிதித்தவுடன் வண்டி சீறும். தப்பாக இளைத்தால், வேகத்தில் வெடித்துச் சிதறும். அது சுற்றும் இடமோ முன்னால் உட்காருகிறவர்களின் காலடி.

வார்ப்பிரும்பு இளைத்தால் விரிசல் விடும் என்பதால், பழைய சக்கரத்தை அவன் கடையவே மாட்டான். முழு உருக்குக் கட்டையிலிருந்து புதிதாகத்தான் செதுக்குவான். மாட்டி முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, வண்டிக்காரருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

"செருப்பு எதுக்குங்க கழட்டுறீங்க?"

"அதிர்வு காலுக்குத் தெரியோணுமுங்க. அதுவுமில்லாம, ஒடஞ்சா செருப்பு என்னத்தத் தடுக்கப்போவுதுங்க? போனா ரெண்டு பேரு காலும் போவட்டும்."

இதைக் கேட்டு ஊரே அவன்மேல் உருகியது. கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர்கள் பட்டறைக்குள் எட்டிப் பார்த்து, "ரெண்டு கிராம் இல்லீங்களா?" என்பார்கள். "நான் இருக்கிறேனுங்க" என்பேன். "பரவாயில்லீங்க, இருந்து பாத்துட்டே போறோம்" என்று வெயிலில் நிற்பார்கள். ஒருநாள், தினமும் கடைவீதிக்குள் வண்டி ஓட்டும் ஒருவர் ஆசையாக வந்தார். "உங்களுக்கு இது வேண்டாமுங்க. லேசான சக்கரம் சிக்னலுக்குச் சிக்னல் அணைஞ்சு நிக்கும். மேட்டுல கெளப்பறதுக்குள்ள மானம் போயிரும்" என்று திருப்பி அனுப்பிவிட்டான். அந்த மனிதர் மறுநாள் மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தார். வேலையே செய்யாததற்கு மைசூர்பாகு! நான் சர்க்கரை இருப்பதாகப் பொய் சொல்லி ஒரு துண்டுகூடத் தொடவில்லை.

வீட்டிலாவது நிம்மதியா? "அந்தத் தம்பியாட்டம் நிதானம் உங்களுக்கு எங்க வருது" என்பாள் மனைவி, நான் தேங்காய் உடைக்கும்போதெல்லாம்.

இப்படி வெந்துகொண்டிருந்த ஒரு நாளில், ரெண்டு கிராம் மேச்சேரிக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தான். குமாரபாளையத்துத் தறிக்காரர் ஒருவர் தன் வெள்ளைக் காரோடு வந்தார். "புதுசு செய்ய நாளாகுமுங்க. ஞாயித்துக்கெழம மலையேறோணும். இருக்கறதயே எளைச்சுக் குடுத்துருங்க."

அது வார்ப்பிரும்பு. எனக்குத் தெரியும். ஆனால் அவர் என்னைக் கேட்டார். என்னை! ஒன்பது கிலோவை ஐந்தாக்கினேன். முகம் பார்க்கிற மாதிரி மெருகேற்றி, போட்டோகூட எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை தறிக்காரர் வண்டியைக் கிளப்பும்போது, ரெண்டு கிராம் பையோடு வந்து இறங்கினான்.

"ஃப்ளைவீல் யாரு வேலைங்க?"

"உங்க அண்ணன் வேலைதானுங்க."

"அட! அப்பப் பாக்கவே வேண்டியதில்லீங்க." எடை கேட்கவில்லை. எந்த இரும்பு என்று கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி என் காலடியில் விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

வாழ்க்கையில் அவன் எதையும் எடைபோடாமல் நம்பியதை அன்றுதான் பார்த்தேன். தறிக்காரர் ஆசையாக மிதித்தார். வண்டி சீறியது. நாலு கிலோ குறைந்த சீறல், நான் வாங்கிக் கொடுத்த சீறல். வண்டி நகர்ந்தது. நான் ஓடிப்போய் முன்னால் விழாத குறையாகப் பானெட்டின்மேல் படுத்துவிட்டேன்.

"எறங்கு கண்ணு! எறங்குப்பா! அது பழசக் கடைஞ்சது!"

அவன் இறங்கினான். இருவருமாகக் கியர்பாக்ஸை இறக்கினோம். சக்கரத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, அதன்மேல் சாக்பீஸ் பூசினான். வெள்ளையில் மெல்லக் கசிந்து வந்தது ஒரு கருப்புக் கோடு. ஒரு போல்ட் ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டை வரைக்கும் விரிசல். அங்கிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

தறிக்காரர் வாய் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "நல்ல நேரத்துல அண்ணன் நிறுத்திப்புட்டாருங்க. இல்லீன்னா ரெண்டாவது வளைவுல நம்ம கால நாமே தேடியிருப்போம். புதுசு செஞ்சு தாரோம், நாலு நாள் பொறுங்க."

ஊரில் எனக்குக் கிடைத்த முதல் புகழ் அதுதான். அதுவும் அவன் போட்டது. மனைவி அன்றைக்கு ஒரு முறுகல் தோசை கூடுதலாக வைத்தாள். அதைத் தட்டிலேயே விட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் பட்டறையில், தலை நிமிராமல் கேட்டான். "ஏனுங்ணா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க?"

"கேட்டிருந்தா நீயே செஞ்சிருப்ப."

"செரிங்ணா. இனி ஃப்ளைவீல் பூராவும் நீங்களே கடைங்க. நான் எட மட்டும் பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அப்படித்தான் நடந்தது. வருகிறவர்கள் என்னையும் கேட்டு வர ஆரம்பித்தார்கள். போன வருஷம் அவன் மனைவிக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. அவனும் அங்கே ஒரு பட்டறையில் சேர்ந்துவிட்டான்.

இப்போது கோயம்புத்தூர்க்காரர்கள் நேராக என்னிடமே வருகிறார்கள். முதல் டீ எனக்குத்தான். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஓசூரில் அவனுக்குப் பக்கத்து லேத்தில் எவனோ ஒருத்தன் நிற்கிறானே, அவனை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.