டம்ளர் அண்ணனின் மாத இலக்கு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனித் தண்ணீர் உப்பு, எது சப்பை, எதில் பாசி வாடை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். ஏதோ தண்ணீர்ப் பரிசோதனை அதிகாரி என்று நினைத்துவிடாதீர்கள். பாதுகாப்பு ஷூவும் கையுறையும் விற்பவர். சம்பளப் பட்டியலில் அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் டம்ளர் அண்ணன்.

பைக் டேங்க் கவரில் எப்போதும் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருப்பார். சொந்த டம்ளரோடு வந்து நிற்கிறவனுக்குத் தண்ணீர் இல்லையென்று சொல்ல யாருக்கும் மனசு வராது என்பது அவர் கணக்கு.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். இலக்கை எப்படி எழுதவேண்டும் என்று கடைசி வருடத்தில் இரண்டு நாள் வகுப்பே எடுத்திருந்தார்கள். அவருடைய கம்பெனியிலேயே வேலையில் சேர்ந்த முதல் திங்கட்கிழமை, திருவள்ளூர் அலுவலகத்தில் மாத இலக்குப் படிவம் கொடுத்தார்கள். ‘புதிய ஆர்டர்: பத்து’ என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டுப் பக்கத்தில் எட்டிப் பார்த்தேன். டம்ளர் அண்ணன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘தண்ணீர் நாலு. நாற்காலி ரெண்டு. திட்டு ஒன்று.’

விசாரித்தேன். ஒரு கம்பெனிக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டால் கேட் திறந்துவிட்டது என்று அர்த்தமாம். அடுத்தது, பர்ச்சேஸ் ஆபீசர் ‘உட்காரு’ என்று சொல்லவேண்டும். அதற்கும் மேலே போனால், அவர் திட்டவேண்டும். திட்டுவதற்கு முகம் ஞாபகம் இருந்தால்தானே முடியும்.

“ஆர்டர் எழுதலியேண்ணா?” என்றேன்.

“அத்த எதுக்கு நாம எழுதணும்? அது அவரு குடுக்கறது. தண்ணி கேக்கறதுதான் நம்ம கைல கீது.”

அந்த மாத முடிவில் என் பத்து பத்திரமாகப் படிவத்திலேயே இருந்தது. டம்ளர் அண்ணனுக்கு, எழுதாத ஆர்டர் ஆறு வந்திருந்தது. திட்டு மட்டும் இலக்கைத் தாண்டி மூன்றாகிவிட்டதே என்று கொஞ்சம் கூச்சப்பட்டார்.

அவர் பையில் தொழிற்பேட்டை வரைபடம் ஒன்று நாலாக மடித்து இருக்கும். தண்ணீர் குடித்த கம்பெனிக் கட்டத்தில் நீலப் பென்சில் தீட்டியிருப்பார். நான் சேர்ந்த சில மாதங்களில் ஏறக்குறைய முழு வரைபடமும் ஏரி மாதிரி நீலமாகிவிட்டது. நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கட்டம். கம்பி உருட்டும் பெரிய ஆலை அது. அங்கே ஒரு மீசைக்கார வாட்ச்மேன். ஆறு வருஷமாக ஒரே பதில்: “அப்பாயின்ட்மென்ட் கீதா? இல்லன்னா தண்ணியும் கெடையாது.”

ஒருமுறை டம்ளர் அண்ணன் கேட்டில் நின்று விக்கல் எடுப்பதுபோல் நடித்திருக்கிறார். வாட்ச்மேன் மூச்சை அடக்கி இருபது வரை எண்ணச் சொல்லியிருக்கிறார். எண்ணி முடித்த பிறகும் விக்கினால் மரியாதையாக இருக்காது என்று இவர் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

நான் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகும் சமயம், புது மேனேஜர் வந்தார். பழைய படிவங்களைப் புரட்டியவர் ‘திட்டு ஒன்று’ என்ற இடத்தில் நின்றார். நிமிர்ந்து பார்த்து, இந்த மாதத்துக்குள் அந்தக் கம்பி ஆலை ஆர்டர் வரவேண்டும், இல்லையென்றால் கோடவுனுக்கு மாறி ஷூ பெட்டி அடுக்கவேண்டியதுதான் என்றார். தினம் இருபது கேட் ஏறி இறங்குகிற மனிதரைக் கோடவுனில் வைத்துப் பூட்டினால் எவர்சில்வரே துருப்பிடித்துவிடும். டம்ளர் அண்ணன் படிவத்தை வாங்கி, ‘தண்ணீர் ஒன்று’ என்று எழுதிக் கொடுத்தார்.

மாதத்தின் கடைசி வாரம். சித்திரை வெயில். மூன்று நாளாக இருவரும் அந்தக் கேட்டில் நின்றோம். மூன்றாம் நாள் சீக்கிரம் போகவேண்டும் என்ற அவசரத்தில் நான் நாஷ்டா சாப்பிடவில்லை. பதினோரு மணிக்கு வாட்ச்மேனின் மீசை இரண்டாகத் தெரிந்தது. பிறகு எதுவுமே தெரியவில்லை.

கண் விழித்தபோது ஆலைக்குள் முதலுதவி அறையில் கிடந்தேன். வாட்ச்மேன்தான் என் தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். கால்மாட்டில் சேஃப்டி ஆபீசர். அவர் பார்வை என் முகத்தில் இல்லை, ஷூவில் இருந்தது. விற்கிற ஷூவைத்தான் போட்டுக்கொண்டு நடக்கவேண்டும் என்பது டம்ளர் அண்ணன் எங்களுக்குப் போட்ட சட்டம். ஆபீசர் அதிகம் தேயாத அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார். எத்தனை மாதமாகப் போடுகிறாய் என்று கேட்டார். பதினோரு மாதம், தினமும் தொழிற்பேட்டை முழுக்க என்றேன். நாளைக்கு சாம்பிள் கொண்டு வா என்றார்.

வெளியே டம்ளர் அண்ணன் வெளுத்துப்போய் நின்றிருந்தார். என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

“நல்லா கீறியா நைனா?”

தலையாட்டினேன். சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தண்ணி எப்டி இருந்துச்சு?”

“தெரியலண்ணா.”

“ஆறு வருசமா நான் இங்க காஞ்சிக்கினு கீறேன். குடிச்சிட்டு வந்து தெரியலன்றான்” என்று பைக்கிடம் சொன்னார்.

மாதத்தின் கடைசி நாள் ஆர்டர் வந்தது. கோடவுன் பேச்சு அடங்கியது. நான் ஆசையாக நீலப் பென்சிலை எடுத்ததும் வரைபடத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். “நான் இன்னும் குடிக்கலியே.” படிவத்தில் அவர் எழுதியதை மேனேஜர் இரண்டு தடவை படித்தார்: ‘தண்ணீர்: இல்லை. இலக்கு முடியவில்லை. ஆர்டர் மட்டும் வந்தது.’

சரக்கு இறக்கும் நாளுக்கு முந்தின சாயங்காலமே நான் தனியாகப் போய் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். மறுநாள் வேன் உள்ளே போனதும் அவரே ஒரு சொம்போடு வந்து, “வெயில்ல வந்துகீறீங்க, குடிங்க” என்றார். டம்ளர் அண்ணன் பைக்குக்கு ஓடினார். டம்ளரை எடுத்துவந்து, வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“கடல் தண்ணி மாதிரி கீது தம்பி” என்று என் காதில் சொல்லிவிட்டு, டம்ளரை மறுபடி நீட்டினார்.

நான் இரண்டு நாளாகச் சீவி வைத்திருந்த நீலப் பென்சிலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன்.