ராஜையன் ஆசான் வாய் கொப்புளித்த கதை

ஸ்ரீவராகம் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் லைன் வீடுகளில் அந்த வாரம் இரண்டு வரிசைகள் நின்றன. ஒன்று கக்கூஸ் வாசலில். மற்றது ராஜையன் ஆசான் வாசலில். முதலாவதை முடித்தவர்கள் நேராக இரண்டாவதில் போய் நின்றார்கள்.

ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் பிறகு லைன் முழுக்க வாந்தி, வயிற்றுப்போக்கு. அரசு சுகாதார ஊழியரான ஆஷா ஒர்க்கர் ஸ்மிதா சேச்சி வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"இது நோரோ வைரஸாக்கும், கேட்டோ. சோப்பு போட்டு கை கழுவணும். ஓஆர்எஸ் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். ரெண்டு மூணு நாள்ல தானே போகும்."

யார் கேட்டார்கள்? உப்புத் தண்ணீரில் சாம்பிராணி வாசம் இல்லை. போதாததற்கு இலவசம்.

ஆசானிடம் வாசம் உண்டு. வயிற்றில் ஒட்டிக்கொண்ட சாப்பாட்டுக்குத் தொக்கம் என்று பெயர். அதை எடுப்பதுதான் அவர் தொழில். தொப்புளில் பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சுவார். கிண்ணத்தில் துப்புவார். கோழித் துண்டு! தோலில் ஓட்டையே இல்லாமல் கோழி எந்த வழியாக வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. வைத்தியம் முடியும்வரை ஆசான் மௌன விரதம். மனைவி கௌசல்யாதான் பேசுவாள்.

"தொக்கம் எடுத்தா மூணு நாள்ல சொகம். எடுக்கிற வரை பச்சைத் தண்ணி குடுக்கப்பிடாது."

வைரஸ் தானாகப் போவதும் மூன்று நாள், ஆசான் துரத்துவதும் மூன்று நாள். என்ன பொருத்தம்!

என் அக்கா எலிசாள், மூன்று வயது ரெனியைத் தோளில் போட்டு வரிசையில் நின்றாள். குழந்தையின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. ரெனி அழுதாள், கண்ணீர் வரவில்லை.

"அக்கா, புள்ளைக்குத் தண்ணி குடு."

"எட்டீ, சும்மா கெட. பி.எஸ்சி. படிச்சா ஆசானுக்கு மேலயா?"

இதற்கு மேல் வாதம் பண்ணினால் குழந்தை தாங்காது. ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் எடுத்துப்போய் ஆசான் முன்னால் வைத்தேன்.

"ஆசானே, ஊரு வயித்துல எல்லாம் வச்ச குழல். கழுவுங்க. வாயையும் கொப்புளிங்க. அப்புறம் எங்க புள்ளைக்கு எடுங்க."

ஆசான் பலமாகத் தலையை ஆட்டினார்.

"கொப்புளிச்சா மந்திரம் போயிரும்," என்றாள் கௌசல்யா.

"மந்திரம் என்ன பல்லு இடுக்குலயா இருக்கு?"

வரிசையில் சிரிப்பு. காப்பாற்ற வந்தவர் ஆசானின் பரம பக்தர், கொத்தனார் தாணுமாலையன். முந்தின நாள்தான் அவருக்குத் தொக்கம் எடுத்தார்கள்.

"கொப்புளிங்க ஆசானே! இவ வாய் அடையட்டும்."

பக்தன் சொன்ன பிறகு மறுக்க முடியுமா? ஆசான் தண்ணீரை வாயில் விட்டார். உள்ளே இருந்ததை விழுங்கப் பார்த்தார். புரையேறியது. ஒரே இருமல். வாளிக்குள் மென்ற கோழி நார் நான்கைந்து மிதந்தது. ரெனியைத் தொடுமுன்பே ரெனியின் தொக்கம் வெளியே வந்துவிட்டது. அப்படியொரு கைராசி!

தாணுமாலையன் வாளியை எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"அப்போ... எனக்கு எடுத்தது யாரு தின்ன கோழி?"

மௌன விரதம் அப்போதுதான் கலைந்தது.

"எனக்கு வயிறு என்னமோ பண்ணுதே," என்றார் ஆசான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்கு ஓடினார். ஊர்த் தொப்புளை எல்லாம் உறிஞ்சியவரை வைரஸ் மட்டும் விட்டுவைக்குமா? வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். அந்த அளவுக்குப் பக்தி மிச்சமிருந்தது.

ஸ்மிதா சேச்சி வந்து ரெனிக்குக் கரண்டி கரண்டியாக ஓஆர்எஸ் புகட்டினார். பொழுது சாயும்போது ரெனி தன் அம்மாவின் மடியிலேயே மூத்திரம் பெய்தாள். காய்ந்த உடம்பில் நீர் ஊறிவிட்டது. நனைந்த சேலையோடு அக்கா சிரித்தாள், அழுதாள்.

"எட்டீ, என்னைத் திட்டு," என்றாள்.

"அப்புறம் திட்டுறேன். முதல்ல கையைக் கழுவு."

வாசலில் கௌசல்யா நின்றாள்.

"மக்களே, அந்த உப்புப் பொடி ஒரு பாக்கெட் இருக்குமா? அவருக்கு நிக்க மாட்டேங்குது."

"குழல் வைக்கலியா?" என்றேன்.

அவள் கையை மட்டும் நீட்டினாள். பாக்கெட்டைக் கொடுத்தேன்.

நோரோ வைரஸ் மூன்று நாளில் தானே போய்விடும். ஆசானை நம்புகிற நோய் அப்படிப் போகாது. அதை எந்தக் குழலும் உறிஞ்சாது. உங்கள் மூளையைக் கொண்டு நீங்களேதான் வெளியே எடுக்க வேண்டும்.