கிறுக்கு பிடித்த வீடு

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. நான் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்றேன்" என்றார் அவர்.

முன்னறையில் அவருடைய மனைவி ஒரு மேசையிலும் மைத்துனன் இன்னொரு மேசையிலும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் தம்பியும் ஏழு வருடமாக அந்த அறையில்தான் குழந்தைகள் புத்தகங்களுக்குக் கணினியில் படம் வரைகிறார்கள். அவர்கள் வரைந்துவந்த மென்பொருளை அதைத் தயாரித்தவர்கள் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். இனிக் கட்டற்ற மென்பொருள் ஒன்றுக்கு மாறிவிடலாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே இருக்கும் நிரலைக்கூடப் பிரித்துப் பார்க்கலாம். எதை எடுப்பது என்பதில்தான் வந்தது வினை. அக்கா 'தூரிகை' என்றாள். தம்பி 'கிறுக்கு' என்றான்.

"எனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்குக்கா."

"அது எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே தெரியும்டா."

இது நடந்தது காலையில். இருவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். பிற்பகலில் அவர் வேலையிலிருந்து வந்தார்.

அவர் ஒரு திருகாணித் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு திருகாணிகளைக் கையில் கொடுத்தால் எது சரியில்லை என்று சொல்லிவிடுவார். இருபது வருடமாக அதற்குத்தான் சம்பளம். வீட்டில் பல்பொடி வாங்குவதென்றாலும் கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்துத்தான் வாங்குவார். மைத்துனன் அவருக்கு 'அட்டவணையார்' என்று பெயர் வைத்திருந்தான், முதுகுக்குப் பின்னால்.

முதல் அட்டவணை இரண்டு நாளில் தயாரானது. இருபத்தாறு அம்சங்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தார்.

"தூரிகை நாற்பத்தொண்ணு. கிறுக்கு நாற்பத்தொண்ணு."

"அவன் மூஞ்சி வாடக்கூடாதுன்னு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டிருக்கீங்க" என்றாள் மனைவி.

"அக்காவுக்குப் பயந்து எனக்குக் குறைச்சிட்டீங்க மாமா" என்றான் மைத்துனன்.

அதுவரை இருவருக்கும் ஒரு மென்பொருள் பிடித்திருந்தது, அவ்வளவுதான். இப்போது ஏன் பிடித்திருக்கிறது என்பதற்கு ஆளுக்கு இருபத்தாறு காரணம் கிடைத்துவிட்டது. அட்டவணையை ஆளுக்கொரு பிரதி எடுத்துத் தங்கள் மேசைக்கு மேலே ஒட்டிக்கொண்டார்கள்.

கையில் இருந்த புத்தகம் 'பல்வலி வந்த முதலை'. இருபத்துநாலு பக்கம். பதினோரு நாளில் கொடுக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே மென்பொருளில் இருக்க வேண்டும் என்று பதிப்பகத்து அம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பாதி முதலை தூரிகையில் கிடந்தது, பாதி முதலை கிறுக்கில் கிடந்தது. ஒன்றில் வரைந்ததை இன்னொன்றில் திறந்து பார்க்க இருவருடைய கௌரவமும் இடம் கொடுக்கவில்லை.

அவர் அசரவில்லை. பெயர் தெரியாமல் ஒரு சோதனை வைத்தார். ஆளுக்கொரு முதலை வரையச் சொல்லி, அச்செடுத்து, எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம் நீட்டினார்.

"எது நல்லா இருக்கு டாக்டர்?"

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ரெண்டுக்குமே கீழ்வரிசையில சொத்தை. ஆனா இதுக்கு உடனே பிடுங்கணும்."

அது மைத்துனனுடைய முதலை. பிடுங்க வேண்டும் என்பது பாராட்டா, பழிப்பா என்று அன்று முழுவதும் சண்டை நடந்தது. கடைசியில் அது மென்பொருள் சண்டையாக இல்லாமல் யாருக்கு வரையத் தெரியும் என்ற சண்டையாகிவிட்டது.

"தப்பு நம்ம முறையில" என்றார் அவர். "இப்ப மாத்தி வரைங்க. நீ கிறுக்குல, அவன் தூரிகையில."

மனைவி பத்து நிமிடம் கிறுக்கில் வரைந்துவிட்டுப் பேனாவை வைத்தாள். "வழுக்குதுங்க. கோடு என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது."

"தூரிகை ஒரே தலைவலி" என்றான் மைத்துனன், நெற்றியைப் பிடித்துக்கொண்டு. "இந்தக் கறுப்பு முகப்பைப் பார்த்தா எனக்கு இழவு வீட்டுல உக்கார்ந்த மாதிரி இருக்கு. கிறுக்குல எல்லாம் பளிச்சுனு வெள்ளையா இருக்கும்."

"என்னைப் பார்த்தாலும் உனக்கு இனிமே அப்படித்தாண்டா இருக்கும்!"

மறுநாள் மைத்துனன் தன் மேசையின் நீள அகலத்தை அளந்தான். வேறு இடம் பார்த்திருக்கிறானாம். அன்று சமையலறையில் மனைவி குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் எதையும் கழுவாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏழு வருஷங்க. சில படத்துல எது என் கோடு, எது அவன் கோடுன்னு எனக்கே தெரியாது. இப்ப மேசையைத் தூக்கிட்டுப் போறேங்கறான்."

இந்த வீட்டில் அந்த இரண்டு மேசையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் அவருக்கும் பிடிக்கும். அதை அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னது வேறு.

"கவலைப்படாதே. விடமாட்டேன். வெளியில பார்த்து ஒப்பிட்டது போதாது. உள்ளேயே போய்ப் பார்த்துடறேன்."

உள்ளே என்றால் நிரலுக்குள். இரண்டு நிரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் இருந்து அதில் இல்லாத வரியைச் சிவப்பிலும், புதிதாக இருக்கும் வரியைப் பச்சையிலும் காட்டுகிற கருவிகள் உண்டு என்று தொழிற்சாலைக் கணினிக்காரர் சொல்லியிருந்தார். அவையும் கட்டற்றவை. மொத்தம் மூன்று.

"மூணுல எது நல்லதுன்னு தெரியணுமே" என்று அவர் புது அட்டவணைக்குக் கோடு போட ஆரம்பித்ததும் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

புத்தகத்துக்கு மூன்றே நாள் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை காலை முன்னறையில் கணினியை வைத்து இருவரையும் கூப்பிட்டார். மைத்துனன் பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டு வந்து நின்றான்.

முதல் கருவியில் இரண்டு நிரல்களையும் போட்டார். பக்கம் பக்கமாக வெள்ளையாக ஓடியது. நாற்பதாயிரம் வரிகளில் மூன்றே மூன்று இடத்தில்தான் சிவப்பும் பச்சையும் தெரிந்தன.

"கருவி கோளாறு" என்று முகத்தைச் சுளித்து அட்டவணையில் சுழி போட்டார்.

இரண்டாவது கருவியும் அதே மூன்று வரிகளைத்தான் காட்டியது. அதற்கும் சுழி.

மூன்றாவதும் அப்படியே.

"மூணும் உதவாக்கரை! இலவசம்னா இப்படித்தான்" என்று அவர் எழுந்தார்.

மைத்துனன் குனிந்து திரையைப் படித்தான். படிக்கப் படிக்க அவன் குரல் இறங்கியது. "மாமா... முதல் வரி பேரு. தூரிகைன்னு இருந்ததை எடுத்துட்டுக் கிறுக்குன்னு போட்டிருக்கு. ரெண்டாவது வரி படச்சின்னம். மூணாவது முகப்பு நிறம், கறுப்புக்குப் பதிலா வெள்ளை."

"மிச்சம்?"

"மிச்சம் எல்லாம் ஒண்ணு."

மனைவி மெல்லத் தன் மேசைக்குப் போனாள். தம்பி கிறுக்கில் வரைந்திருந்த ஒன்பதாம் பக்கத்தைத் தூரிகையில் திறந்தாள். முதலை வாயைப் பிளந்துகொண்டு வந்து நின்றது, ஒரு பல் குறையாமல்.

"வழுக்குதுன்னு சொன்னியேக்கா" என்றான் தம்பி.

"உனக்குத் தலைவலி போயிடுச்சாடா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் முதலையைப் பார்த்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை.

"அப்படீன்னா ஒருத்தர் இன்னொருத்தர்கிட்டேர்ந்து திருடியிருக்கணும். யாருன்னு கண்டுபிடிச்சிட்டுத்தான் மறுவேலை."

தூரிகையின் இணையப் பக்கத்தில் உருவாக்கியவரின் தொலைபேசி எண் இருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியை ஏற்றிவைத்து அழைத்தார். ஒரு பெண்மணி எடுத்தார்.

"அம்மா, உங்க தூரிகையை யாரோ அப்படியே எடுத்து, கிறுக்குன்னு பேரை மாத்தி விட்டிருக்காங்க. மூணு கருவியில சோதிச்சுப் பார்த்துட்டேன்."

"யாரோ இல்லீங்க, என் தம்பிதான்" என்று அந்தப் பெண்மணி அலுப்போடு சொன்னார். "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினது. பேர் வைக்கிறப்ப வந்த சண்டை. இப்பவும் நான் ஒண்ணு திருத்தினா அவன் எடுத்துக்குவான், அவன் திருத்தினா நான் எடுத்துக்குவேன். பேச்சுவார்த்தைதான் கிடையாது. மூணு வருஷம் ஆச்சு."

"ஒரு பேருக்காகவா மூணு வருஷம்? வீட்டுல ஒருத்தர் நடுவுல வந்து தீர்த்து வைக்கக் கூடாதா?" அவருக்கு உண்மையாகவே பொறுக்கவில்லை.

"அன்னிக்குச் சாயங்காலமே ராசியாகியிருப்போம் சார். 'ரெண்டு பேரும் சும்மா இருங்க, நான் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்றேன்'னு எங்க வீட்டுக்காரர் ஒரு அட்டவணையை எடுத்து வெச்சுக்கிட்டு உக்கார்ந்தாரு பாருங்க, இன்னும் எந்திரிக்கல."